தேய்த்துக் கருக்கும் தோல்: கையுறையா, ஸ்க்ரப்பா?

“உடம்பு மொழுமொழுவென்று இருக்கக் குளிக்கும்போது தேய்க்கும் கையுறை நல்லதா, ஸ்க்ரப் நல்லதா, டாக்டர்?” என்று தோல் சிகிச்சைப் பிரிவில் கேட்பவர்களில் பலர், அவ்விரண்டில் ஒன்றை மாதக்கணக்கில் பயன்படுத்திவிட்டு, மேல்முதுகிலும் புஜத்திலும் படர்ந்த கருமையுடன் வருபவர்கள். கருமையை அழுக்கென்று எண்ணி அவர்கள் இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள். அதனாலேயே அது இன்னும் அடர்கிறது.

தேய்க்கப்படும் இடத்தில் இருப்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக உடம்பின் பெரும்பகுதியில், இறந்த செல்களாலான வெளி அடுக்கின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர இளம் வயதில் சுமார் 4 வாரம் ஆகிறது; வயது ஏற ஏற இந்தக் காலம் நீள்கிறது. உடலின் நீர் வெளியேறாமலும் வெளியிலுள்ள கிருமிகள் உள்ளே நுழையாமலும் காப்பது இந்த மெல்லிய அடுக்கே ஆகையால், உதிரத் தயாராக இருப்பதை மட்டும் நீக்கினால் தோல் மென்மையாகத் தெரியும்; அதற்கு மேல் சுரண்டினால் வறட்சியும் எரிச்சலும் அரிப்புமே மிஞ்சும்.

ஸ்க்ரப்பில் வேலை செய்வது அதிலுள்ள துகள். சர்க்கரைத் துகள் ஈரத்தில் சிறிது நேரத்திலேயே கரைந்துவிடுவதால், தேய்ப்பும் தானாகவே தணிந்துவிடுகிறது. உப்புத் துகள், கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களில்கூட எரியும். வால்நட் ஓடு, ஆப்ரிகாட் கொட்டை ஆகியவற்றின் பொடிக்கு ஒழுங்கற்ற கூர்முனைகள் உண்டு. முகத்திற்கு அதை நான் பரிந்துரைப்பதே இல்லை. உருண்டையான பிளாஸ்டிக் மணிகள் தோலை அவ்வளவாகக் கீறாவிட்டாலும் சாக்கடை வழியே நீர்நிலைகளைச் சேர்வதால், கழுவி விடும் அழகுப் பொருள்களில் அவற்றைத் தடைசெய்து அமெரிக்கா 2015இல் சட்டம் இயற்றியது. வீட்டில் அரைக்கும் பாசிப்பயறு மாவும் ஒரு ஸ்க்ரப்தான். வஸ்திரகாயம் செய்த, அதாவது மெல்லிய துணியில் சலித்த மாவு மிருதுவாக இருக்கும், மிஷினில் கொரகொரவென்று அரைத்து அப்படியே டப்பாவில் கொட்டியது அப்படி இராது.

கையுறையில் துகளின் இடத்தைக் கையின் அழுத்தம் எடுத்துக்கொள்கிறது. அது கரைவதில்லை, கழுவினால் போவதுமில்லை. எப்போது நிறுத்துவது என்பது முழுக்கத் தேய்ப்பவரின் பொறுப்பு. துருக்கியக் குளியல் கூடங்களில் ‘கெசே’ என்னும் கரடான கையுறையால் தேய்ப்பதும், கொரியப் பொதுக் குளியலறைகளில் ‘இத்தாலி டவல்’ என்னும் சொரசொரப்பான சிறு துணி கொண்டு தேய்ப்பதும் பழக்கம்தான். ஆனால் அங்கே நீராவியிலோ வெந்நீரிலோ வெகுநேரம் ஊறி, வெளி அடுக்கு இளகிய பிறகே கையுறை தோலில் படுகிறது. அவசரமாக இரண்டு வாளி நீரை ஊற்றிக்கொண்டு, நைலான் கையுறையால் தினமும் வறட்டு வறட்டென்று தேய்ப்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

நைலானைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நைலான் துவாலையால் நெடுநாள் தேய்த்தவர்களுக்குக் கழுத்தெலும்பு, தோள்பட்டை, முதுகெலும்பு போன்ற எலும்பு மேடுகளின் மேல் கருமை படர்வதை ஜப்பானிய மருத்துவர்கள் 1980களிலேயே பதிவு செய்தார்கள். உராய்வால் சிதையும் மேல்தோல் செல்களிலிருந்து மெலனின் நிறமி கீழ் அடுக்கிற்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. சிலருக்கு அச்செல்களின் கெரட்டின் புரதம் அமிலாய்டு என்னும் எளிதில் கரையாத படிவாக மாறி அங்கேயே படிய, நீரலை போன்ற வரிகளுடன் பழுப்புத் திட்டுகள் தோன்றுகின்றன. மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் இது எளிதில் வருகிறது. மேலே தடவும் களிம்பு அவ்வளவு ஆழத்தை எளிதில் எட்டாததால், தேய்ப்பதை அடியோடு நிறுத்திய பிறகும் நிறம் தெளிய மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகின்றன.

ஆகவே என் பரிந்துரை பெரும்பாலும் ஸ்க்ரப்பின் பக்கமே சாய்கிறது: நுண்ணிய துகள் உள்ளது, வாரம் ஒருமுறை, நன்றாக நனைந்த உடம்பில், விரல் நுனிகளால் மட்டும். குதிகால், முழங்கை போன்ற தடித்த இடங்களுக்குப் பருத்தியாலான கையுறை போதும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் குதிகாலைக் கல்லாலோ கையுறையாலோ உரசக் கூடாது; புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது.

எதைத் தேய்த்தாலும் போகாத சொரசொரப்பும் கருமையும் உண்டு. மேல்கையிலும் தொடையிலும் புல்லரித்ததுபோல் நிற்கும் சிறு முட்கள், முடித்துளைகளில் கெரட்டின் அடைத்துக்கொள்வதால் வருபவை. தேய்த்தால் அவை சிவந்து, பிறகு கருக்கும். 10 முதல் 20 சதவீத யூரியா அல்லது 12 சதவீத லாக்டிக் அமிலம் கலந்த லோஷன் அவற்றைப் பொறுமையாக இளக்கும். கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் வெல்வெட் துணிபோல் தடித்துக் கருப்பது பெரும்பாலும் இன்சுலின் சரியாகச் செயல்படாததன் அடையாளம். “குளிக்கும்போது கழுத்தை ஒழுங்காகத் தேய்” என்று பிள்ளைகளைத் திட்டும் பெற்றோர், அவர்களின் எடையையும் ரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது மேல்.

முதுகில் பரு உள்ளவர்கள், வெயிலில் தோல் கன்றியவர்கள், வேக்சிங் செய்து ஓரிரு நாள்களே ஆனவர்கள், ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) களிம்பு பூசுபவர்கள் ஆகியோருக்குக் கையுறை, ஸ்க்ரப் இரண்டுமே வேண்டாம். சொரியாசிஸ் நோய் உள்ளவர்களுக்குத் தேய்த்த இடத்திலேயே புதிய திட்டு முளைக்கலாம். தட்டையான மருக்கள் இருந்தால், தேய்க்கும் கையுறையே அவற்றைப் பக்கத்துத் தோலுக்குப் பரப்பிவிடும்.

குளித்து முடித்ததும் துவாலையால் ஒற்றி, ஈரம் முழுவதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசரோ தேங்காய் எண்ணெயோ பூச வேண்டும். பலர் தேடும் வழவழப்பில் பாதிக்கு மேல் இதிலேயே கிடைத்துவிடுகிறது என்பது என் அனுபவம். கையுறை வைத்திருப்பவர்கள் அதை அலசிப் பிழிந்து குளியலறைக்கு வெளியே வெயிலில் உலர்த்துங்கள். ஈர நாரில் சூடோமோனாஸ் உள்ளிட்ட பாக்டீரியாக்கள் பெருகித் தோலுக்கும் பரவக்கூடும் என்பதை 1994இல் வெளியான ஆய்வு ஒன்று பீர்க்கங்காய் நாரை வைத்தே காட்டியிருக்கிறது. வீட்டில் ஒருவருடையதை மற்றொருவர் எடுக்காமலிருப்பதும், வாடை வரத் தொடங்கினால் உடனே தூக்கி எறிவதும் அவசியம்.