கேட்ட மருந்து ஏன் கேட்காமல் போகிறது?

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். அம்மாவுடன் வந்திருந்தாள். உட்கார்ந்ததும் கையிலிருந்த ஜவுளிக்கடைப் பையை என் மேசையில் கவிழ்த்தாள். ஐந்து டியூப்கள் விழுந்தன. நான்கு, கடைசிச் சொட்டு வரை பிதுக்கி அடியிலிருந்து சுருட்டப்பட்டவை. ஒன்று பாதி காலி. ஐந்துக்கும் பெயர் வேறு, நிறம் வேறு, விலை வேறு. திருப்பிப் பார்த்தால் ஐந்தின் முதுகிலும் பொடியெழுத்தில் ஒரே வரிதான்: கிளிண்டாமைசின் 1 சதவீதம்.

“முதலில் நன்றாகக் கேட்டது டாக்டர். பத்துப் பதினைந்து நாளில் முகம் தெளிந்துவிட்டது. இப்போது எதைப் பூசினாலும் கேட்க மாட்டேன் என்கிறது” என்றார் அம்மா.

முதல் டியூப் ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தது. மற்ற நான்கும் மருந்துக்கடையில் “பருவுக்கு ஒரு ஜெல் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கியவை. ஒன்று கேட்கவில்லை என்று அடுத்ததை வாங்கி, அதுவும் கேட்கவில்லை என்று அதற்கடுத்ததை வாங்கி, பதினான்கு மாதங்களாக அவள் பூசியது ஒரே மருந்து என்பது அவளுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. காவிரிப் படுகையின் இந்தச் சிறு நகரத்தில் தோல் மருத்துவராக இருக்கும் எனக்கு இந்தப் பை புதிதில்லை. சிலர் பையோடு வருகிறார்கள், சிலர் கைபேசியில் படம் எடுத்து வருகிறார்கள். கதை ஒன்றேதான்.

பரு என்றதும் முகத்தில் கிருமி தொற்றிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கிருமி என்றால் கிருமிநாசினி, அவ்வளவுதானே என்ற கணக்கு அங்கிருந்து பிறப்பதுதான். ஆனால் பரு தொடங்குவது கிருமியால் அன்று. தோலில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பருவ வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் அது கூடுதலாகச் சுரக்கும். அதே வேளையில் மயிர்க்காலின் வாயில் இறந்த செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைப்பு உண்டாகும். அந்த அடைப்புதான் வெண்புள்ளி, கரும்புள்ளி. அடைபட்ட குழிக்குள் காற்று குறைவு, எண்ணெய் நிறைவு. நம் எல்லோருடைய தோலிலும் சாதுவாகக் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா அங்கே பெருகுகிறது. உடலின் எதிர்ப்பு அங்கே திரள, சிவந்து வீங்கிச் சீழ் வைக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடமிருந்து பரு ஒட்டிக்கொள்வதில்லை. துண்டைத் தனியாக வைக்கச் சொல்லி வீட்டில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் செய்வது என்ன? பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு அந்த வேலையை நிறுத்துகிறது. கிருமி குறைகிறது, சிவப்பு தணிகிறது. இரண்டு மூன்று வாரத்தில் முகம் தெளிவதும் அதனால்தான். அடைப்பை அது திறப்பதில்லை. எண்ணெய்ச் சுரப்பைக் குறைப்பதும் இல்லை. தோலுக்கு அடியில் அடுத்த பருக்கள் வரிசையில் காத்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஓர் அடைப்பு பருவாக மேலே வரச் சில வாரங்கள், சில சமயம் இரண்டு மாதம்கூட ஆகும். முகம் தெளிந்துவிட்டது என்று நிறுத்தியவருக்கு ஒரு மாதத்தில் மறுபடி பரு வருவது இதனால்தான். மறுபடி பூசுகிறார், மறுபடி நிறுத்துகிறார்.

இப்படி மாதக்கணக்கில் பூசப் பூசத்தான் கெடுதல் நடக்கிறது. ஒரே களைக்கொல்லியைப் பருவம் தவறாமல் அடித்த வயலில் அதற்குச் சாகாத களை மட்டும் தங்கிப் பெருகுவதை எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் விளக்கவே வேண்டாம். கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் சிலவற்றின் ரைபோசோமில் சிறு மாற்றம் இருந்தால் போதும், மருந்து அங்கே ஒட்டாது. மற்றவை செத்த இடத்தை இவை பிடித்துக்கொள்ளும். கிளிண்டாமைசினுக்கு அடங்காதவற்றுள் பெரும்பாலானவை எரித்ரோமைசின் என்ற இன்னோர் ஆன்டிபயாடிக்குக்கும் அடங்குவதில்லை. பருக் கிருமியில் இந்த மருந்து எதிர்ப்பு இருப்பதை அமெரிக்க மருத்துவர்கள் 1979-இலேயே பதிவு செய்துவிட்டார்கள். பூச்சு மருந்தாக இவை பரவலான சில ஆண்டுகளுக்குள் அது நடந்தது.

ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் நடந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு என்னை மிகவும் உலுக்கியது. மருந்து பூசிய நோயாளிகளின் தோலில் மட்டுமன்றி, அவர்களோடு நெருங்கிப் பழகும், ஒரு நாளும் மருந்தைத் தொடாதவர்களின் தோலிலும் எதிர்ப்புக் கிருமிகள் இருந்தன. பருவுக்குச் சிகிச்சை அளிக்கும் தோல் மருத்துவர்களின் முகத்தைத் துடைத்துச் சோதித்தபோது அங்கும் இருந்தன. அதாவது என்னைப் போன்றவர்களின் முகத்தில். அக்கா பூசிய ஜெல், பூசாத தம்பியின் தோலையும் மாற்றக்கூடும்.

அது பருவோடு நின்றால்கூடப் பரவாயில்லை. முகத்தில் பூசும் மருந்து அங்கே இருக்கும் மற்றப் பாக்டீரியாக்களையும் பழக்குகிறது. மூக்குத் துவாரத்தின் முன்பகுதியில் தங்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் அவற்றில் ஒன்று. எலும்பில் சீழ் பிடித்த குழந்தைக்கும், பென்சிலின் ஒவ்வாமை உள்ளவரின் பல் சீழுக்கும், காலில் வேகமாகப் பரவும் சில தொற்றுகளுக்கும் நாங்கள் நம்பியிருக்கும் மருந்து இதே கிளிண்டாமைசின். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு சொல்கிறது. ஒரு பரு ஜெல்லை இதனோடு முடிச்சுப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு டியூப்பை முடிச்சுப் போட மாட்டேன். ஆனால் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை, மாதக்கணக்கில் யாரும் கேட்காமல் விற்கும் டியூப்களை முடிச்சுப் போடத்தான் வேண்டும்.

அப்படியானால் இந்த மருந்தே கூடாதா? கூடும். தனியாகக் கூடாது. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2016-இலும் பின்னர் 2024-இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதைச் சொல்கின்றன. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் இன்னும் கறாராகச் சொன்னது: பருவுக்கு ஆன்டிபயாடிக் பூச்சைத் தனியாகத் தராதீர்கள், ஆன்டிபயாடிக் மாத்திரையையும் தனியாகத் தராதீர்கள், பூச்சும் மாத்திரையும் ஆக இரண்டு ஆன்டிபயாடிக்கைச் சேர்த்தும் தராதீர்கள். டாக்சிசைக்ளின் மாத்திரையும் கிளிண்டாமைசின் ஜெல்லும் ஒரே சீட்டில் இருந்தால் எதற்காக என்று மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை.

துணைக்கு வேண்டியது பென்சாயில் பெராக்சைடு. இது ஆன்டிபயாடிக் அன்று. மயிர்க்காலுக்குள் ஆக்சிஜனை விடுவித்துக் கிருமியைப் பல முனைகளில் எரிக்கிறது. பாக்டீரியா ஓரிடத்தில் மாறிக்கொண்டு இதிலிருந்து தப்ப வழியில்லை. எத்தனையோ பத்தாண்டுகளாகப் புழங்கியும் இதற்கு எதிர்ப்பு உருவானதாகத் தெரியவில்லை. கிளிண்டாமைசினோடு சேர்த்துப் பூசினால் எதிர்ப்புக் கிருமிகள் தலையெடுப்பதையும் இது தடுக்கிறது. அடைப்பைத் திறக்க அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு, அதாவது வைட்டமின் ஏ வகை மருந்து, வேண்டும். பருச் சிகிச்சையின் முதுகெலும்பு இதுதான். கிளிண்டாமைசின் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு வந்துபோகும் விருந்தாளி மட்டுமே.

பென்சாயில் பெராக்சைடு நம் ஊரில் ஏன் செல்லப்பிள்ளை ஆகவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. முதல் வாரம் எரியும், தோல் உரியும், துணியை வெளுக்கும். “ஒத்துக்கொள்ளவில்லை” என்று மூன்றாம் நாளே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். கிளிண்டாமைசினோ குளிர்ச்சியாக, வழவழப்பாக, எரிச்சலே இல்லாமல் இருக்கிறது. எரியாத மருந்து நல்ல மருந்து என்று முகம் முடிவு செய்துவிடுகிறது. 2.5 சதவீதம் போதும். 5, 10 சதவீதம் அதைவிடப் பெரிதாகச் சாதிப்பதில்லை, எரிச்சல்தான் கூடும். ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கலாம். பத்து நிமிடம் வைத்துக் கழுவி, மெல்ல நேரத்தைக் கூட்டலாம். மேலே வாசனையில்லாத ஈரப்பத கிரீம் பூசலாம். முகம் வீங்கினாலோ கடுமையாக அரித்தாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம், நிறுத்திவிட்டு வாருங்கள்.

டியூப்பின் பின்புறத்தைப் படியுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வதற்கு இன்னொரு காரணம், கலவைகள். கிளிண்டாமைசினோடு நிகோடினமைடு சேர்த்த ஜெல் நம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. இரண்டு மருந்து இருக்கிறதே என்று நிம்மதி அடைகிறார்கள். நிகோடினமைடு தோலுக்கு நல்லதுதான். பென்சாயில் பெராக்சைடு செய்யும் காவல் வேலையை அது செய்யாது. அதைவிடப் பெரிய ஆபத்து, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் கலந்த கிரீம். பூசிய மறுநாள் பரு அடங்கி முகமும் வெளுத்தாற்போல் தெரியும். சில மாதங்களில் தோல் மெலிந்து, நரம்பு போல் சிவப்புக் கோடுகள் தெரிந்து, நிறுத்தினால் முகம் தீயாய்ச் சிவந்து, முன்பைவிட அதிகமாகப் பரு கொட்டும். ஸ்டீராய்டு பூச்சுகள் பலவற்றை மருந்துச்சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு ஆணையிட்டது. ஆனாலும் அந்த முகங்கள் இன்றும் என் அறைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

நம் நிறத்துத் தோலுக்கே உரிய ஒரு தவறும் உண்டு. பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் கருந்திட்டு நிற்கும். அது தழும்பும் இல்லை, உயிருள்ள பருவும் இல்லை. வீக்கம் விட்டுச் சென்ற நிறம். அதன் மேல் தினமும் ஜெல்லைப் புள்ளி வைத்துக்கொண்டு, “பரு போகவே இல்லை” என்று வருந்துபவர்கள் ஏராளம். அந்தப் பெண்ணின் கன்னத்தில் நான் எண்ணியபோது உண்மையான சீழ்ப்பரு ஏழுதான். மற்ற முப்பதுக்கு மேல் வெறும் நிறம். அதற்குக் கிளிண்டாமைசினால் ஒரு பயனும் இல்லை. அசலாயிக் அமிலமோ ரெட்டினாய்டோ, கூடவே வெயில் காப்புக் கிரீமும் பொறுமையும் வேண்டும்.

நெற்றி நிறைய ஒரே அளவில், அரிப்போடு, சிறு சிறு பொரிகளாக வந்திருந்தால் அது பருவாகவே இல்லாமல் மலசேசியா என்ற பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் அதை வளர்த்துவிடும். பெண்களுக்குத் தாடையோரம் விடாமல் பரு வந்து, மாதவிடாயும் தள்ளிப்போனால் சினைப்பையைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. குழி விழும் பரு, உருண்டை உருண்டையாக வலிக்கும் பரு, முதுகு மார்பு எல்லாம் பரவிய பரு ஆகியவற்றுக்கு ஜெல்லை நம்பி ஒரு மாதம்கூட வீணாக்காதீர்கள். அங்கே ஐசோடிரெடினாயின் மாத்திரை வரை யோசிக்க வேண்டும். அது கர்ப்பத்தில் அறவே கூடாது என்பதால் மருத்துவர் கண்காணிப்பில்தான் உண்ண வேண்டும்.

பழியைக் கடைக்காரர் மேல் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் கிளிண்டாமைசினை மட்டும் எழுதி, எத்தனை நாள் என்று குறிக்காமல் கொடுத்த சீட்டுகள் என் கையெழுத்திலும் உண்டு. தேதி போடாத சீட்டைக் காட்டி ஆறு மாதம் வாங்கலாம். இப்போது நிறுத்தும் தேதியையும் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இரவில் அடாபலீன், காலையில் கிளிண்டாமைசினும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்த ஜெல் எழுதினேன். பருவின் மேல் மட்டும் வைக்காமல், பட்டாணி அளவு எடுத்துப் பரு வரும் இடம் முழுவதும் மெல்லியதாகப் பூசச் சொன்னேன். ஆறாம் வாரம் வந்தபோது முகத்தைவிட முதலில் ஒரு துண்டைத்தான் அம்மா காட்டினார். மெரூன் நிறத் துண்டில் முகம் துடைத்த இடமெல்லாம் ஆரஞ்சு நிறத் திட்டுகள். “இவ்வளவு சாயத்தை எடுக்கிறதே, முகத்தை என்ன செய்யும்?” என்று பயந்திருந்தார். முகத்தின் நிறத்தை அது அப்படி எடுக்காது, வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மூன்றாம் மாதம் புதிய சீழ்ப்பரு ஒன்றுதான் இருந்தது. கிளிண்டாமைசின் கலந்த ஜெல்லைச் சீட்டிலிருந்து அடித்துவிட்டு, அடாபலீனோடு வெறும் பென்சாயில் பெராக்சைடை மட்டும் தொடரச் சொன்னேன்.

“நன்றாகக் கேட்கிற மருந்தை ஏன் டாக்டர் நிறுத்துகிறீர்கள்?”

“கேட்கும்போதே நிறுத்தினால்தான் அம்மா, நாளைக்கு வேண்டும்போது கேட்கும்.”

மிச்சமிருந்த பாதி டியூப்பைத் தம்பிக்குப் பூசலாமா என்று கேட்டார். பத்தாம் வகுப்பு, அவனுக்கும் முளைக்கத் தொடங்கியிருக்கிறதாம். பூசாமல் அழைத்து வரச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை வந்தான். நெற்றியில் முடி ஓரமாக வெறும் வெண்புள்ளிகள், சீழில்லை, சிவப்பில்லை. தலையில் வைத்த தேங்காயெண்ணெய் நெற்றிக்கு வழிந்து மினுங்கியது. நெற்றியில் இறங்காமல் எண்ணெய் வைக்கச் சொல்லி, இரவில் அடாபலீன் மட்டும் எழுதி அனுப்பினேன்.