நுரையீரலில் எப்படிக் குடற்புழு?

மண்ணுக்குள் வாழும் பாம்பு, அரணை, ஆமை பற்றிய மொழிபெயர்ப்புகளில் 'ஹெல்மின்த்' (helminth) என்ற ஆங்கிலச் சொல் வருகிற இடமெல்லாம் 'குடற்புழு' என்றே எழுதுகிறார்கள். 'நுரையீரலில் குடற்புழுக்கள் இருந்தன' என்ற வாக்கியத்தை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது? எழுதியவருக்கும் உறுத்தவில்லை, திருத்தியவருக்கும் உறுத்தவில்லை.

கிரேக்கத்தில் 'ஹெல்மின்ஸ்' என்றால் புழு, குறிப்பாக வயிற்றுப் புழு. பிறகு அறிவியலில் பொருள் விரிந்தது. உருளைப்புழு, நாடாப்புழு, முள்தலைப்புழு என ஒட்டி வாழும் புழுக்கள் உடம்பின் எந்தப் பகுதியில் இருந்தாலும் இதுவே பொதுப்பெயர். வேரைக் காட்டி 'குடற்புழு'வுக்கு வக்காலத்து வாங்க முடியாது. இன்றைய பொருளைத்தான் பெயர்க்க வேண்டும்.

ஆடுமாடுகளுக்குக் 'குடற்புழு நீக்கம்' என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அங்கே பேச்சு பெரும்பாலும் குடலைப் பற்றியதுதான். ஊர்வனவற்றில் அப்படி இல்லை. ராப்டியாஸ் என்ற உருளைப்புழு பாம்பின் நுரையீரலில் வாழ்கிறது. அதன் முட்டைகள் மூச்சுக்குழல் வழியாக வாய்வரை ஏறி, விழுங்கப்பட்டு, எச்சத்தோடு மண்ணுக்கு வருகின்றன. வெயில் படாத ஈர மண் இளம்புழுக்களுக்கு நல்ல புகலிடம். யானைக்கால் நோய்ப் புழுவின் உறவுப் புழுக்கள் சில, பல்லி இனங்களின் உடற்குழியிலும் ரத்தக் குழாய்களிலும் இருக்கின்றன. அவற்றின் இளம்புழுக்கள் ரத்தத்தில் சுற்றுவதால் எச்சத்தைச் சோதித்துப் பயனில்லை, ரத்தத்தைப் பார்க்க வேண்டும். நாடாப்புழுவின் இளம்பருவம் பாம்பின் தோலுக்கடியில்கூட இருக்கும். 'குடற்புழு' என்று படித்தவர் இங்கெல்லாம் தேடுவாரா?

சரி, வேறு எப்படிச் சொல்வது? 'கிருமி' என்கிறார்கள் சிலர். வடமொழியில் அது புழுதான். ஆனால் இன்று கிருமி என்றால் பாக்டீரியாவும் வைரஸும்தான் நினைவுக்கு வரும். 'புல்லுருவி' மரத்தில் ஒட்டி வளரும் செடி, அதைப் பாம்பின் வயிற்றுக்குள் கொண்டுபோக வேண்டாம். வெறும் 'புழு' போதாதா என்றால், மண்ணுக்குள் வாழும் உயிர்களில் பல மண்புழுவையே தின்பவை. 'வயிற்றில் புழுக்கள் இருந்தன' என்றால் அது இரையா, ஒட்டி வாழ்வதா? போதாததற்குப் புழுப்பாம்பு என்று ஒரு பாம்பே இருக்கிறது. எனவே 'ஒட்டுண்ணிப் புழு' என்பதே என் தேர்வு. ஒட்டி உண்பது ஒட்டுண்ணி. எல்லோருக்கும் தெரிந்த சொல், குழப்பமும் இல்லை.

அப்புறம், மூலத்தில் தொற்று என்று இருக்கிற இடத்தில் 'நோய்' என்று எழுதும் பழக்கம். தரை ஆமைகளின் பெருங்குடலில் ஊசிப்புழுக்கள் ஏராளமாக இருந்தும் ஆமை நலமாகவே திரியும். 'புழுநோயால் பாதிக்கப்பட்ட ஆமை' என்று படிப்பவர் அதைச் சாகக் கிடக்கும் விலங்காக நினைத்துக்கொள்வார். புழு இருக்கிறது என்று மட்டும் சொல்ல 'ஒட்டுண்ணிப் புழுத்தொற்று' போதும். உடல் மெலிந்து, மூச்சுத் திணறி, நோய் கண்ட பிறகு நோய் என்று எழுதலாம்.