வைக்கோலில் பூட்டிக் கிடக்கும் சர்க்கரை

வைக்கோலின் உலர் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை மூலக்கூறுகளால் ஆனது. ஆனால் அதை அப்படியே ஈஸ்டிடம் கொடுத்தால் எரிபொருளாகும் எத்தனால் கிடைக்காது. தாவரக் கழிவிலிருந்து எரிபொருள் எடுப்பதில் உள்ள சிரமமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

அரிசியிலுள்ள மாவுச்சத்தும் வைக்கோலிலுள்ள செல்லுலோசும் குளுக்கோஸ் கோத்த சங்கிலிகளே. கோத்த விதம்தான் வேறு: மாவுச்சத்தில் ஆல்பா பிணைப்பு, செல்லுலோசில் பீட்டா பிணைப்பு. இதனால் செல்லுலோஸ் சங்கிலிகள் நேராக நீண்டு, ஒன்றோடொன்று இறுகிப் படிக இழைகளாகின்றன. அந்த இழைகளை ஹெமிசெல்லுலோஸ் என்ற வேறொரு சர்க்கரைச் சங்கிலி சுற்றியிருக்க, இடைவெளிகளை லிக்னின் என்ற கெட்டியான பொருள் நிரப்புகிறது. கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றிய தூண் போன்ற கட்டுமானம் இது. காற்றில் சாயாமல் நிற்கவும் பூஞ்சையைத் தடுக்கவும் செடி எழுப்பிய சுவரை நாம் உடைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு வழி நீராவி வெடிப்பு. சுமார் 200 டிகிரி செல்சியஸ் நீராவியில் கழிவைச் சில நிமிடங்கள் அழுத்தத்தில் வைத்து, சட்டென்று திறந்துவிடுவார்கள். உள்ளிருக்கும் நீர் ஒரே வேகத்தில் ஆவியாகி இழைகளைப் பிளக்கும். சூடு மிஞ்சினால் சர்க்கரையே சிதைந்து ஃபர்ஃபியூரால் என்ற வேதிப்பொருளாகும். அது ஈஸ்டை முடக்கிவிடும். எனவே இந்தக் கட்டத்தில் நிதானம் மிக முக்கியம்.

பிளந்த இழைகளைச் சர்க்கரையாக வெட்டுபவை செல்லுலேஸ் நொதிகள். அவற்றைத் தொழிற்சாலைகளுக்குச் சுரந்து தரும் டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சை, இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களை அரித்துக்கொண்டிருந்தபோது அகப்பட்டது. கூடாரம் கெடாமல் காக்க நடந்த ஆராய்ச்சி எரிபொருளுக்கு வழி திறந்தது எனக்கு இன்றும் வியப்பே.

இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. ஹெமிசெல்லுலோசிலிருந்து வரும் சைலோஸ் என்ற சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் நொதிக்கச் செய்யாது. அதற்கென மரபணு மாற்றிய ஈஸ்ட் வேண்டும். கடைசியில் மிஞ்சும் லிக்னினைக் கொதிகலனில் எரித்து, ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் எடுக்கலாம்.

ஈரமான காய்கறிக் கழிவுக்கு இத்தனை பாடு தேவையில்லை. காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிரிகள் அதை மீத்தேன் நிறைந்த வாயுவாக்கிவிடும். ஆனால் லிக்னினை அவற்றாலும் அசைக்க முடியாது. மரத்தூள், சுள்ளி போன்ற காய்ந்த கழிவுக்கு வெப்பமே பொருத்தம். குறைந்த காற்றில் 700 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த எரிவாயு வரும்.

ஆய்வகத்தில் எளிதில் கண்ணில் படாத சிக்கல் ஒன்று: சுமை. ஒரு கிலோ வைக்கோலில் ஏறத்தாழ 15 மெகாஜூல் ஆற்றல். டீசலில் சுமார் 43. போதாததற்கு வைக்கோல் இடத்தை அடைக்கும். லாரி நிறைந்துவிடும், எடை ஏறியிராது. அதனால் ஆலையைப் பெரிதாக்குவதைவிடக் கழிவு கிடைக்கும் இடத்துக்கே ஆலையைக் கொண்டுபோவது மேல் என்பேன். காற்றில்லாமல் 500 டிகிரியில் சில நொடிகளே சூடாக்கும் பைராலிசிஸ் முறை அதற்கு ஏற்றது. கழிவின் பெரும்பகுதி கனத்த எண்ணெயாகிவிடுவதால் அதை மட்டும் ஏற்றி அனுப்பலாம். மிஞ்சும் கரியில் பயிருக்கு உரமாகும் பொட்டாசியம் தங்கியிருப்பதால் அதை அதே வயலில் திரும்பத் தூவலாம்.