இன்று அம்மா யார்?

மனநோய் உள்ள ஒருவரைக் குடும்பத்தார் அழைத்து வரும்போது நான் தவறாமல் கேட்கும் கேள்வி: "பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள்?" பெரும்பாலும் வரும் பதில், "அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார்."

எல்லாம் தெரியும். எவ்வளவு தெரியும் என்பதை 2009 முதல் 2011 வரை அமெரிக்காவின் ஷோடைம் சேனலில் வந்த 'யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் டாரா' தொடரில் பார்க்கலாம். கான்சஸ் மாநிலத்தில் கணவன், பதின்வயது மகள், மகனோடு வாழும் டாராவுக்குப் பல ஆளுமைக் கோளாறு. மனசு தாங்காதபோது அடங்காத டீன்ஏஜ் பெண்ணாகவோ, 1950களின் இல்லத்தரசியாகவோ, வியட்நாம் போருக்குப் போய்வந்ததாகச் சொல்லும் முரட்டு ஆணாகவோ மாறிவிடுவாள். டாராவாக நடித்த டோனி கோலெட்டுக்கு எம்மி விருது கிடைத்தது. சிரிக்கவும் வைக்கும் தொடர்தான்.

நிஜத்தில் இந்த நோய் இப்படி உடை மாற்றிக்கொண்டு பளிச்சென்று வருவது அபூர்வம். நினைவு அங்கங்கே விட்டுப்போகும்; தான் செய்த காரியமே தனக்குத் தெரியாமல் இருக்கும். பெரும்பாலானவர்களுக்குப் பின்னணியில் சிறுவயதுக் கொடுமைகள் இருக்கும். இதற்கென்று தனி மருந்து கிடையாது, நீண்டகால உளவியல் சிகிச்சைதான். தொடரின் ஆரம்பத்தில் டாரா மாத்திரைகளை நிறுத்திவிட்டிருப்பாள். அதைப் பார்த்துவிட்டு மனச்சிதைவுக்கோ இருமுனைக் கோளாறுக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். அவை வேறு நோய்கள். நிறுத்தினால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பிள்ளைகள்தான். மகள் கேட் எரிந்து விழுவாள், வீட்டைவிட்டு ஓடப் பார்ப்பாள். இப்படிப்பட்ட பிள்ளையை எங்களிடம் அழைத்து வந்துவிடுவார்கள். மகன் மார்ஷல் வேறு ரகம். இன்று அம்மா யார் என்று பார்த்து, அதற்கேற்ப நடந்துகொள்வான். இவனை யாரும் அழைத்து வருவதில்லை. "தங்கமான பிள்ளை, பொறுப்பானவன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். தொடரில் அந்தத் தங்கமான பிள்ளை ஒருநாள் கொட்டகையைக் கொளுத்திவிடுகிறான். அவன் விரும்பும் பையனை அம்மாவின் டீன்ஏஜ் அவதாரம் தன் பக்கம் இழுத்துக்கொண்டதுதான் காரணம். நம் வீடுகளில் இவ்வளவு தூரம் போகாது. மதியச் சாப்பாட்டைத் தொடாமல் கொண்டுவருவது, விடுமுறையிலும் நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிடாமல் இருப்பது, அம்மாவின் மாத்திரை டப்பாவைத் தானே எண்ணிப் பார்ப்பது, அவ்வளவுதான் வெளியே தெரியும்.

அம்மா நன்றாக இருக்கும் ஒரு நாளில், முடிந்தால் அவரையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். அது உன்னால் வந்ததில்லை, அதைச் சரிசெய்வதும் உன் வேலை இல்லை என்று ஒருமுறைக்கு இருமுறை சொல்லுங்கள். பிள்ளை கேலியாக ஏதாவது சொன்னால் உடனே அதட்டாதீர்கள். பல நேரம் அது மூச்சுவிடும் வழி. அம்மாவுக்கு முடியாமல் போனால் எந்தச் சித்தி வீட்டுக்குப் போவது, யாருக்கு போன் செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.