கணக்கு உடையவில்லை, கேட்டதும் கொடுத்துவிட்டோம்

பணம் பறிபோனவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "நம்ம போனை ஹேக் பண்ணிட்டானுங்களா?" கோலாலம்பூரில் தகவல் பாதுகாப்புத் துறையில் வேலை செய்கிறேன், செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் விளக்கக் கூட்டங்களுக்கும் போவதுண்டு. நான் பார்த்த மோசடிகளில் ஒன்றில்கூட வங்கியின் மறைக்குறியீடு, அதாவது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் கணக்கு, உடைபடவில்லை. திருடன் கேட்டான், இவர்கள் கொடுத்தார்கள்.

அந்த மறைக்குறியீட்டின் பின்னால் இருக்கும் மனிதர்களை நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முன்பின் சந்திக்காத இருவர், ஊரே ஒட்டுக்கேட்கும்போது பேசி, தங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் இரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ள முடியுமா? முடியும் என்று 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும், பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கியதைப் பிரிப்பது கடினம் என்பதை வைத்து இன்னொரு முறையைத் தந்தார்கள். சாப்பாட்டுக் கடையின் இலவச வைஃபையில் உட்கார்ந்து நீங்கள் பணம் அனுப்பும்போது, உங்கள் கைப்பேசியும் வங்கியும் இந்த வழியில் வந்த கணக்கைத்தான் போடுகின்றன.

கணக்கு வலுவாக இருந்தும் கோட்டை எப்படி விழுகிறது என்பதற்கு ஜெர்மானியப் படை செய்திகளை மறைத்து அனுப்பப் பயன்படுத்திய எனிக்மா இயந்திரத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அதை இயக்குபவர் ஒவ்வொரு செய்திக்கும் தன் விருப்பப்படி மூன்று எழுத்துகளைச் சாவியாகத் தேர்ந்தெடுப்பார். கேட்பவருக்குத் தவறிவிடக் கூடாதே என்று அதை இரண்டு முறை அடித்து அனுப்புவார். அந்த இரட்டிப்பே ஒரு கதவைத் திறந்துவிட்டது. போலந்தின் இளம் கணித மேதை மரியான் ரெயெவ்ஸ்கி 1932-இல் அதைப் பிடித்துக்கொண்டார். பிரெஞ்சு உளவுத்துறை ஒரு ஜெர்மானிய அதிகாரியிடம் காசு கொடுத்து வாங்கிய ஆவணங்களும் அவருக்குக் கிடைத்தன. அந்தப் படை இயந்திரத்தைக் கண்ணால் பார்க்காமலேயே அதன் உட்கம்பிகளின் இணைப்பைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அதற்கு அப்புறம் வருவது. அந்த இயந்திரத்தை இயக்கியவர்கள் சோம்பலில் ஒரே எழுத்தை மூன்று முறை, 'ஏஏஏ' என்பதுபோலச் சாவியாக வைத்தார்கள். ரெயெவ்ஸ்கி அதையே ஊகித்து உள்ளே போனார். பிறகு மேலிடம் அப்படி வைக்கக் கூடாது என்று தடை போட்டது. உடனே இவர்கள் ஓர் எழுத்து இரண்டு முறை வருவதைக்கூடத் தவிர்க்கத் தொடங்கினார்கள். அந்தப் புதுப் பழக்கமும் அவருக்கு உதவியது!

நம் அலுவலகங்களிலும் இதேதான் நடக்கிறது. கடவுச்சொல்லில் எண் வேண்டும் என்றால் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் பிறந்த ஆண்டு. குறியீடும் வேண்டும் என்றால் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. விதி கூடக்கூடப் பழக்கமும் அதற்கேற்ப வளைந்துகொள்கிறது. திருடனுக்கு அந்தப் பழக்கம் மனப்பாடம். நீளமாக, தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து வையுங்கள். ஒரு கடவுச்சொல்லை ஓர் இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

இந்த முன்னோடிகளில் பலருக்கு உரிய காலத்தில் ஒரு மாலைகூட விழவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. போலந்துக்காரர்கள் 1939 ஜூலையில் தங்கள் கண்டுபிடிப்பைப் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்தார்கள். பிரிட்டனின் போர்க்கால மறைக்குறியீட்டு உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் டூரிங்கும் வெல்ச்மனும் ஜோன் கிளார்க்கும் அதன் மேல்தான் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரெயெவ்ஸ்கி ஊர் திரும்பிக் கணக்காளராக வேலை பார்த்தார். செய்ததைப் பற்றிப் பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. பிரிட்டன் அரசின் உளவு அமைப்பில் இரகசியமாக வேலை செய்த கிளிஃபர்ட் காக்ஸ், ரிவெஸ்ட் முதலிய மூவருக்கும் முன்பே, 1973-இல், அவர்களுடைய முறையை ஒத்த ஒன்றைக் கண்டார். அதற்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் எல்லிஸ், இரகசியம் வெளியிடப்படச் சில வாரங்கள் இருக்கும்போது, 1997 நவம்பரில் இறந்துபோனார்.

சரி, நம் ஊர் நிலவரத்துக்கு வருகிறேன். புலனத்தில் (வாட்ஸ்அப்) திருமண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வரும். பெயரின் முடிவில் 'ஏபிகே' என்று இருந்தால் அது அழைப்பிதழ் இல்லை, செயலி. திறந்தால் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் டேக் எண் உங்களுக்கு வரும்போதே திருடனுக்கும் போய்விடும். இதனால்தான் குறுஞ்செய்தி வழி எண்ணைக் கைவிடும்படி நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-இல் வங்கிகளுக்குச் சொன்னது. இப்போது ஒப்புதல் வங்கியின் செயலிக்குள்ளேயே வருகிறது. திருடனும் மாறிவிட்டான்: காவல்துறை என்றோ நீதிமன்றம் என்றோ அழைத்துப் பயமுறுத்தி, அந்த ஒப்புதல் பொத்தானை உங்களையே அழுத்த வைக்கிறான். நீங்கள் தொடங்காத பரிமாற்றத்துக்கு ஒப்புதல் கேட்டால், யார் சொன்னாலும் அழுத்தாதீர்கள்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம். உடனே வங்கியை அல்லது மோசடிப் புகார்களுக்கான தேசிய மையத்தின் 997 எண்ணை அழையுங்கள். பணம் மளமளவென்று கணக்கு மாறும், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். உங்கள் வங்கியின் பெயர், பணம் போன கணக்கு எண், தொகை, நேரம் ஆகியவற்றை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அதன் பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.