ஆமைக்குஞ்சுக்கு ஊசிக்கு முன்னம் தொட்டியை மாற்றுங்கள்

வீங்கிய கண்ணும் அமத்தினால் வளைகிற ஓடுமாக ஆமைக்குஞ்சைக் கொண்டுவருபவர்கள் கேட்பது, "டொக்டர், ஒரு ஊசி போட்டுவிடுங்கோவன்" என்றுதான். "எதுக்குள்ளை வைச்சிருக்கிறியள்?" என்று நான் கேட்பேன். அநேகமாக, கடையில் தந்த சின்னப் பெட்டி. நடுவில் ஒரு பிளாஸ்டிக் தென்னைமரம். வருத்தம் தொடங்குவதே அங்கேதான்.

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுள்ள இந்தப் பச்சைக் குஞ்சுகள் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்துச் செங்காது ஆமைகள். வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும். பெட்டை வளர்ந்தால் ஓடு மட்டும் 25 சென்ரிமீற்றரைத் தாண்டும்; 30 வருடம்கூட இருக்கும். ஆகவே குஞ்சுக்கே இரண்டடி நீளத் தொட்டி எடுங்கள், அதுவும் சில காலத்துக்குத்தான் காணும்.

குஞ்சு தண்ணிக்குள் தாண்டுபோகும் என்று பயந்து விரலளவு தண்ணி விடுகிறார்கள். குஞ்சு பிறந்ததிலிருந்தே நீந்தும். கவிழ்ந்தால் நிமிர்வதற்கு ஓட்டின் நீளத்தைவிடக் கூடிய ஆழம் வேண்டும். ஏறி முழுதாகக் காய ஒரு கல்லோ செங்கல்லோ அசையாமல் வையுங்கள். எங்கள் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணியில் குளோரின் கவலை இல்லை. சுண்ணாம்பு அதிகம் என்பதால் ஓட்டில் வெள்ளை படியும். அதைக் கத்தியால் சுரண்டாதீர்கள். ஆமை தின்கிற தண்ணியிலேயே கழிக்கும், அழுக்குத் தண்ணி கண்ணைக் கெடுக்கும். வேறு கிண்ணத்தில் தீன் போட்டால் பாதித் தொல்லை குறையும்.

வெயில்தான் முக்கியம். "யன்னலோரம் வெயில் படுகுதுதானே" என்பார்கள். ஓட்டுக்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். அந்தக் கதிர் இல்லாமல் உடம்பில் விற்றமின் டீ உண்டாகாது, கல்சியமும் சேராது. காலை வெயிலில் அகன்ற பேசினில், பாதி நிழலாக, அரை மணித்தியாலம் விடுங்கள். மேலே கம்பிவலை போடுங்கள். காகத்துக்குக் குஞ்சு ஒரு வாய்தான். கண்ணாடித் தொட்டியை மத்தியான வெயிலில் வைத்தால் அவிந்துவிடும். மாரியில் வெயில் இல்லாத நாட்களுக்கு ஊர்வனவற்றுக்கான புற ஊதா விளக்கு வாங்கலாம். ஒளி இருந்தாலும் கதிர் தேய்ந்துபோகும், வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.

சோறும் காய்ந்த இறாலும் மட்டும் தின்கிற குஞ்சுக்கும் கண் வீங்குகிறது. விற்றமின் ஏ போதாது. ஆமைத்தீன் குளிகையே நல்லது. கல்சியத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. பாசையூரில் கணவாய் வெட்டுபவரிடம் ஓடு கேளுங்கள். கழுவிக் காயவைத்து மிதக்கவிடுங்கள்.

வளர்க்க முடியாமல் போனால் ஆரியகுளத்திலோ கிணற்றிலோ விடாதீர்கள். உலகின் மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களில் இதுவும் ஒன்று. எங்கள் பாலாமையின் இடத்தைப் பிடித்துவிடும். வேறு ஆளிடம் கொடுங்கள்.

பார்க்கச் சுகமாயிருக்கும் ஆமையிலும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் நாலங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை 1975இல் தடுத்தது இதனால்தான். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள், மற்றவர்கள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். தொட்டித் தண்ணியைக் குசினிக்குள் கொண்டுபோகாமல் வாழைக்கு ஊற்றுங்கள்.