மெட்டு இறங்கும் முன் விரலைச் சோதியுங்கள்: பனிக்கால பைக் பயணமும் கை மரத்துப்போதலும்

கார்த்திகையில் தொடங்கி மாசி வரைக்கும் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக விடியற்காலையில் இடுக்கி மலை ஏறுகிறவர்கள் ஸ்வெட்டர் போடுகிறார்கள், குல்லா போடுகிறார்கள், சிலர் சால்வையையும் சுற்றிக்கொள்கிறார்கள். கை மட்டும் வெறுங்கையாக இருக்கிறது. கேட்டால், "கொஞ்ச நேரம் விறைக்கும், டீ கிளாஸைப் பிடிச்சா சரியாயிரும்" என்பார்கள். சரியாகும்தான். ஆனால் டீக்கடைக்கு முன்னால் கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்த வளைவுகளில் முன் பிரேக்கையும் கிளட்ச்சையும் பிடிக்க வேண்டியது விறைத்த அதே விரல்கள். கைக்குச் சிகிச்சை தருகிற நாங்கள் இதைக் குளிர்த் தொந்தரவு என்று ஒதுக்குவதில்லை. பிரேக் தேய்ந்த வண்டிக்குச் சமமான ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறோம்.

உடம்பு குளிரை உணர்ந்ததும் இதயம், நுரையீரல், மூளையைக் காக்கத்தான் முதலில் பார்க்கும். விரல்களுக்குப் போகும் சிறு இரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். விரலில் சூடு உண்டாக்கும் தசை கிட்டத்தட்ட இல்லை. வெளியிலிருந்து வரும் இரத்தம்தான் அதற்குச் சூடு. விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே முன்கையில் இருக்கின்றன. முன்கை குளிர்ந்தால், கிளவுஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விரல் மெதுவாகத்தான் நகரும். விரல் தோலின் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகும்போது நுட்பமான அசைவு தடுமாறத் தொடங்கும். 7, 8 டிகிரி அளவுக்கு இறங்கினால் தொடு உணர்வே மரத்துப்போகும். அந்த நிலையில் லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது கைக்குத் தெரியாது. ஒன்று, பிடிப்பது தாமதமாகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அரை வினாடி தாமதம் என்றால் வண்டி ஐந்தரை மீட்டர் போயிருக்கும். அல்லது அளவு தெரியாமல் இறுக்கிப் பிடித்து, ஈரத் தார்ச்சாலையில் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் 2019 முதல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். இந்த மலையில் ஓடுவதில் பெரும்பகுதி 100, 110 சிசி வண்டிகள். அவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

போடியிலிருந்து மெட்டு உச்சிக்குச் சுமார் 1000 மீட்டர் ஏற்றம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே 18 டிகிரியில் கிளம்பினால் மேலே 11 அல்லது 12. அதற்கு மேல் வண்டியின் வேகமே காற்றாகிறது. காற்று 10 டிகிரியாக இருக்கையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வெறுந்தோலுக்கு அது 6 டிகிரிக் குளிராகப் படும். 5 டிகிரியில் அதே வேகம் என்றால் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே. மூணாறு வட்டாரத்தில் ஜனவரியில் செண்டுவாரை, குண்டளைப் பக்கம் உறைபனி விழுவது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காத ஒன்று, அது மேட்டைவிடப் பள்ளத்தில்தான் அதிகம் விழும் என்பது. இரவில் குளிர்ந்த காற்று கனமாகி ஓடையோரங்களிலும் சதுப்புகளிலும் இறங்கித் தேங்கும். மேட்டில் தாங்கின கை, பாலம் கடக்கிற தாழ்வில் திடீரென்று விறைப்பது அதனால்தான். விடிவதற்குச் சற்று முன்பும், சூரியன் எழும் நேரத்திலும் குளிர் உச்சத்தில் இருக்கும். ஏழரை, எட்டு மணிக்குக் கிளம்ப முடிகிறவர்கள் அப்படிக் கிளம்புவதே முதல் மருந்து. தோட்டத்துக்கு ஆள் கணக்கு எடுக்கப் போகிறவருக்கும் பால் ஊற்றுகிறவருக்கும் அது முடியாது என்று தெரியும். அவர்களுக்காகத்தான் மீதியெல்லாம்.

கையைக் காக்க நெஞ்சிலிருந்து தொடங்க வேண்டும். நடு உடம்பு சூடாக இருந்தால்தான் விரலுக்கு இரத்தம் திறந்துவிடப்படும். பின்னல் ஸ்வெட்டர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் காற்று அதற்குள் புகுந்துவிடும். மேலே காற்றுப் புகாத ஒரு படலம் வேண்டும். ரெயின்கோட் மேல்சட்டை போதும். அதுவும் இல்லையென்றால் ஸ்வெட்டருக்கும் சட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று செய்தித்தாளை விரித்து வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகவே வேலை செய்யும். கழுத்தை மூட மெல்லிய துணியாலான கழுத்துப்பட்டை நல்லது. தொங்கும் சால்வையும் துப்பட்டாவும் வேண்டாம், செயினிலும் பின் சக்கரத்திலும் மாட்டும். தடித்த குரங்குக் குல்லாவுக்கு மேல் ஹெல்மெட் போட்டால் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது. உள்ளே போட மெல்லியதாக வாங்குங்கள்.

இனி கிளவுஸ். நடைபாதைக் கடையில் கிடைக்கும் கம்பளிப் பின்னல் கிளவுஸ் நிற்கிற ஆளுக்கு ஏற்றது. ஓடும் வண்டியில் அதன் கண்ணிகள் வழியே காற்று நேராக விரலைத் தொடும். மூடுபனியில் பத்து நிமிடம் போனால் நனைந்தும்விடும். நனைந்த கம்பளியிலிருந்து ஈரம் ஆவியாகும்போது விரலின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். அதன் மேல் வழுக்கல் வேறு. ஆக்சிலரேட்டர் பிடியில் கை நழுவும். செலவைக் குறைக்க நினைத்தால் அதையே உள் அடுக்காக்கி, மேலே ஒரு பெரிய அளவு ரெக்சின் அல்லது தோல் கிளவுஸ் போடலாம்.

அளவு பார்ப்பதில்தான் அதிகம் தவறுகிறார்கள். குளிருக்கு இறுக்கமாக இருந்தால் நல்லது என்று வாங்கினால், அந்த இறுக்கமே விரலின் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அடுக்குகளுக்கு இடையே நிற்க வேண்டிய காற்றுக்கும் இடம் இராது. கடையில் கிளவுஸ் போட்டு ஹேண்டில் பிடிப்பதுபோல விரலை மடக்குங்கள். விரல் நுனி துணியில் முட்டக்கூடாது, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடம் வேண்டும். விரல் இடுக்கில் இழுக்கக்கூடாது. அதே நேரம் உள்ளங்கைப் பக்கம் மடிப்பு மடிப்பாகத் திரண்டால் பிடி தடித்துப்போய் முன்கை சீக்கிரம் களைத்துவிடும். நல்ல பனிக்கால கிளவுஸில் பஞ்சு புறங்கையில்தான் அதிகம் இருக்கும், உள்ளங்கை மெலிதாக இருக்கும். காற்று மோதுவது புறங்கையில், லீவரை உணர்வது உள்ளங்கையில்.

உள்ளே மெடிக்கல் ஷாப் நைட்ரைல் கிளவுஸ் போடும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அரை மணி நேரப் பயணத்துக்கு அது உதவும், காற்றையும் மழையையும் முழுசாகத் தடுக்கும். அதற்கு மேல் போனால் உள்ளே வேர்த்து, அந்த வேர்வையே குளிரத் தொடங்கும். தோலுக்கு அடுத்து மெல்லிய பாலியஸ்டர் கிளவுஸ், அதன் மேல் நைட்ரைல், கடைசியாக வெளி கிளவுஸ் என்ற வரிசையில் போட்டால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். தேனிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை மார்கழி வரை தொட்டுக்கொண்டிருக்கும் ஆண்டுகளில், மழைக்கோட்டின் கையை கிளவுஸின் வாய்க்கு மேல் விட வேண்டும். கோட்டுக் கையை உள்ளே திணித்தால் தோளில் விழும் மழை முழுவதும் வழிந்து கிளவுஸுக்குள் சேரும். மணிக்கட்டில் இடைவெளி தெரியக்கூடாது. அங்கேதான் இரத்தக்குழாய்கள் தோலை ஒட்டி ஓடுகின்றன, அங்கே குளிர்ந்த இரத்தம்தான் விரலுக்குப் போகும்.

நனைந்த கிளவுஸை அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போடாதீர்கள், தோல் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். உள்ளே காகிதம் திணித்து நிழலில் தொங்கவிடுங்கள். தினமும் போகிறவர்கள் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்களைக் கேட்டால், பணம் குறைவாக இருப்பவர் விலையுயர்ந்த கிளவுஸுக்கு முன் வண்டியில் காற்றுத் தடுப்பு மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் கை கார்டு விரல் முட்டியில் மோதும் காற்றை ஒதுக்கிவிடும். சாதாரண கிளவுஸே போதுமானதாகிவிடும். இன்னும் நல்லது, ஹேண்டிலோடு பிடி, லீவர், சுவிட்ச் மூன்றையும் மூடும் உறை. சீட் கவர் தைக்கிற கடையில் ரெக்சினும் உள்ளே 6 மில்லிமீட்டர் ஃபோமும் வைத்துத் தைத்துத் தருவார்கள். நீளம் 30 சென்டிமீட்டர், கை நுழையும் வாயின் சுற்றளவு 45 சென்டிமீட்டர் என்று சொல்லுங்கள். கிளவுஸும் கோட்டுக் கையும் சேர்ந்து தடையில்லாமல் போக வேண்டும். முன்பக்கத்தில் கெட்டிப் பிளாஸ்டிக் தகடு ஒன்றைக் கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். தகடு இல்லாத உறையை வேகத்தில் காற்று பின்னால் தள்ளி லீவர் மேல் அழுத்தும். பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பதே தெரியாமல் போகும், பிரேக்கும் உரசிச் சூடாகும்.

மாட்டியதும் சோதிக்க வேண்டியவை: ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாகத் திருப்பினால் உறை டேங்கிலோ கேபிளிலோ இடிக்கக்கூடாது. ஆக்சிலரேட்டரைத் திருகி விட்டால் தானாகச் சடக்கென்று திரும்ப வேண்டும். கட்டும் கயிறு கண்ணாடித் தண்டிலும் ஹேண்டில் குழாயிலும் இருக்கலாம், லீவரில் இருக்கவே கூடாது. வண்டியை நிறுத்தி வைத்து, பார்க்காமல் ஹாரன், இண்டிகேட்டர், டிம் சுவிட்சைத் தொட்டுப் பழகுங்கள். விழும்போது கை சிக்காமல் உருவி வர வேண்டும். வேகமாக உருவும்போது வாயில் தட்டினால் உறையைத் திருப்பிக் கொடுத்துப் பெரிதாக்குங்கள்.

சூடாகும் பிடிகளைப் பலர் ஆன்லைனில் வாங்கி வருகிறார்கள். ஒரு ஜோடி முழுச் சூட்டில் 30 முதல் 40 வாட் இழுக்கும், 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர். 4 ஆம்பியர் மணி பேட்டரி உள்ள சிறிய வண்டியில் எஞ்சின் நின்றபின் அதை ஓடவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டார்ட் ஆகாத நிலைக்குப் போய்விடும். சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வருமாறு ரிலே வைத்து, 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு இணைக்க வேண்டும். பிஎஸ்6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வண்டியில் ஹெட்லைட் வயரையோ சென்சார் வயரையோ வெட்டி ஒட்டவிடாதீர்கள். வலது பிடி ஆக்சிலரேட்டரோடு திரும்புவதால் அதன் வயருக்குத் தளர்வு விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தளர்வு இல்லாவிட்டால் வயர் அறுந்துபோகும். வயர் இடையில் சிக்கினால் ஆக்சிலரேட்டர் திரும்பாமல் நின்றுவிடும், அது உயிருக்கு ஆபத்து. இடது பிடி வலதைவிடக் குறைவாகச் சூடாவது பழுதில்லை. அது நேராக இரும்புக் குழாயில் உட்கார்ந்திருக்கிறது, சூட்டைக் குழாய் உறிஞ்சிக்கொள்கிறது. வலது பக்கம் நடுவில் பிளாஸ்டிக் உறை இருக்கிறது. நாள்பட்ட சர்க்கரை நோயால் விரலில் உணர்வு குறைந்தவர்கள் இந்தப் பிடியைக் குறைந்த அளவிலேயே வைத்து, கிளவுஸோடு மட்டும் பயன்படுத்த வேண்டும். சுடுவது தெரியாமல் கொப்புளம் வரும்.

பனிக்காலம் தொடங்குமுன் மெக்கானிக்கிடம் ஒரு வேலை சொல்லுங்கள்: கிளட்ச் கேபிளுக்கு ஆயில், லீவர் போல்ட்டுக்கு கிரீஸ். உலர்ந்த கேபிள் கோடையிலேயே கனமாக இருக்கும். விறைத்த கையால் அதை இழுக்க இரண்டு மடங்கு பலம் வேண்டியிருக்கும். கிளட்ச் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ப்ளே, அதாவது கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் முன் லீவர் சும்மா நகரும் தளர்வு, வையுங்கள். லீவரின் சரிவையும் மாற்றுங்கள்: சீட்டில் உட்கார்ந்து விரலை நீட்டினால் முன்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் ஒரே கோட்டில் வர வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி ஒடிந்தபடி ஓட்டினால் நரம்பு அழுந்தி, குளிரில்லாத நாளிலும் விரல் மரக்கும்.

ஓட்டும்போது பிடியை நசுக்காதீர்கள். குளிர் ஏற ஏற நம்மை அறியாமல் இறுக்குவோம், அது இரத்தத்தை இன்னும் வெளியேற்றும். நேர்ச் சாலையில் இடது கை விரல்களை மடக்கி விரியுங்கள், தோளைத் தூக்கி இறக்குங்கள். வேகத்தை 60-லிருந்து 40-க்குக் குறைத்தாலே கை தாங்கும் நேரம் கூடும். இறக்கத்தில் இரண்டாம் கியரில் எஞ்சின் பிடிப்போடு இறங்கினால் விரல்களுக்கு வேலை குறையும்.

இறக்கம் தொடங்குமுன் செய்ய வேண்டிய சோதனை மிக எளியது. கிளவுஸைக் கழற்றி, கட்டைவிரல் நுனியைச் சுண்டுவிரல் நுனியோடு தொட்டு அழுத்துங்கள். தொட முடியவில்லை, அல்லது அழுத்துவது உணரவில்லை என்றால் அந்தக் கையோடு இறங்கக்கூடாது. போடிமெட்டு செக்போஸ்ட் இதற்கு நல்ல இடம், எப்படியும் வேகம் குறைத்தாக வேண்டும். சின்னக்கானல், பூப்பாறைப் பக்கம் யானை நடமாட்டம் உள்ளதால் இருட்டில் வழியோரம் நிற்காமல், வெளிச்சமும் ஆளும் உள்ள கடைக்குப் போய் நில்லுங்கள்.

நின்றதும் கையை நேராகத் தொங்கவிட்டு, தோளிலிருந்து பெரிய வட்டமாக இருபது முப்பது முறை சுழற்றுங்கள். சுழற்சியில் இரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும், ஓரிரு நிமிடத்தில் குறுகுறுப்பு தெரியும். பிறகு அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டன் சாயா கிளாஸைப் பிடிக்கலாம், கைக்குட்டை சுற்றிப் பிடியுங்கள். சைலன்சரிலும் எஞ்சினிலும் கை வைப்பதை இந்த மலையில் அடிக்கடி பார்க்கிறோம். தீக்காயத்தோடு வருகிறவர்கள், சுட்டது அப்போது தெரியவே இல்லை என்றுதான் சொல்கிறார்கள். வீட்டில் வெந்நீரில் வைப்பதானால் 37 முதல் 39 டிகிரி, அதாவது இன்னொருவரின் முழங்கைக்கு இதமாகத் தெரியும் சூடு. விறைத்த கையே சூட்டைச் சோதிக்கக்கூடாது. தேய்க்கவும் வேண்டாம். சாராயம் சூடு தருவதுபோலத் தோன்றினாலும் தோல் வழியே உடம்புச் சூட்டை வெளியேற்றிவிடும். பீடி, சிகரெட் விரல் இரத்தக்குழாயை நேரடியாகச் சுருக்கும்.

எல்லா மரத்துப்போதலும் குளிரால் வருவதில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மட்டும் இரவிலும் மரத்தால் மணிக்கட்டு நரம்பு அழுத்தம் இருக்கலாம். மோதிர விரலும் சுண்டுவிரலும் என்றால், ஹேண்டில் உள்ளங்கையின் வெளி ஓரத்தை அழுத்துகிறதா என்று பாருங்கள். விரல் முதலில் வெண்மை, பிறகு நீலம், பிறகு சிவப்பு என்று மாறினால் அது ரேனோ என்ற இரத்தக்குழாய்க் கோளாறாக இருக்கலாம். காடு வெட்டும் மெஷின், தேயிலை வெட்டும் மெஷின் பல ஆண்டு பிடித்தவர்களுக்கு அதிர்வாலேயே இது வரும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் அட்டெனலால், ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரைகளும் விரலைக் குளிர வைக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பயணம் முடிந்து சில மணி நேரத்தில் விரலில் அரிப்போடு சிவந்த வீக்கம் வந்தால் அது பனி வீக்கம். அதைத் தணலில் காட்டினால் அதிகமாகும்.

சூட்டுக்கு வந்து அரை மணி நேரமாகியும் நிறம் திரும்பாத விரல், ஒரு கையில் மட்டும் வரும் வெளுப்பு, விரல் நுனியில் ஆறாத புண், நாற்பது வயதுக்குப் பின் முதல்முறையாக வரும் நிறமாற்றம் ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும், முடிந்தால் விரல் வெளுத்திருந்த நேரத்தில் போனில் எடுத்த படத்தையும் கொண்டுபோங்கள். அறையின் சூட்டில் நிறம் மாறிவிட்டிருக்கும், படம் இருந்தால் மருத்துவர் உடனே இனம் காண்பார்.